வாப்பா திறந்து பார்த்த மணிக்கூடு

மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக்கடையின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த மூன்றடி இடம்தான் வாப்பாவின் கடை. கண்ணாடி போட்ட மேசை, தாழத் தொங்கும் ஒரு மின்குமிழ், சுவரில் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டு மணிக்கூடுகள். பாடசாலை விட்டதும் நான் அங்கே போய், ஊருக்குப் பஸ் வரும்வரை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கூடப் படித்தவர்கள் அந்தப் பக்கமாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர்களுடைய வாப்பாமாருக்குக் கடைகள் இருந்தன. என் வாப்பாவுக்குப் படிக்கட்டின் நிழல்தான் இருந்தது.

நான் சொல்லப்போவது 1991ஆம் ஆண்டு நடந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொழில் அப்போதே நலிந்துபோயிருந்தது. 1969இன் கடைசியில் ஜப்பானின் சைக்கோ கம்பனி முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டைக் கொண்டுவந்தபோது அதன் விலை ஒரு சிறிய காரின் விலைக்கு ஒப்பாக இருந்ததாம். இருபது வருடத்துக்குள் அந்த வகை மணிக்கூடு நடைபாதைக்கு வந்துவிட்டது. பழுதானால் திருத்துவதைவிட வீசிவிட்டு இன்னொன்று வாங்குவது மலிவு. வாப்பா நாள் முழுக்கப் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் தாத்தாவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள்.

அப்படியொரு பின்னேரம்தான் அந்த மஹத்தயா வந்தார். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்துப் புறக்டர். மவுத்தாகிச் சில மாதங்கள்தான். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு மணிக்கூட்டை மேசைமேல் வைத்துச் சிங்களத்தில் சொன்னார்:

"நானா, இது ஓடுறதில்ல. கேஸ் மட்டும் தங்கமாம். மெசினக் கழற்றித் தாங்க, கேஸ உருக்கக் குடுக்கலாம். மெசின நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சங்கிலி வைத்த பெரிய மணிக்கூடுகளை மினுங்க மினுங்கக் கட்டிவந்த காலம் அது. இதுவோ பெண்பிள்ளைகள் கட்டுவதுபோலச் சின்னது. தேதி இல்லை, கிழமை இல்லை. மங்கிய வெள்ளை முகத்தில் எண்களுக்குப் பதிலாக மெல்லிய கோடுகள். கீழே விநாடிக்கென்று ஒரு குட்டி வட்டம். மேலே சிறிய எழுத்தில் ஒரு பெயர், பட்டெக் பிலிப், ஜெனீவா.

வாப்பா அந்தப் பெயரைப் பார்த்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். திறந்தவர் கனநேரம் அப்படியே இருந்தார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாக லென்ஸை என் கையில் தந்தார்.

உள்ளே பார்த்ததை இன்றும் வரிவரியாகச் சொல்ல முடியும். உலோகத் தகடுகளில் வயலில் ஏர் ஓடியதுபோல ஒரே சீரான கோடுகள். ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் சரிவாகச் சீவி மெருகேற்றப்பட்டிருந்தது. திருகாணித் தலைகூடக் கண்ணாடிபோல இருந்தது. ஓரிடத்தில் மிகச் சிறிதாக ஒரு முத்திரை: பாதிக் கழுகும் ஒரு சாவியும். அது ஜெனீவா நகரத்தின் சின்னம், நல்ல வேலைக்கு அந்த ஊர் கொடுக்கும் சாட்சி என்று வாப்பா சொன்னார்.

"மூடிய மூடினா இதெல்லாம் ஆருக்கு வாப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"இன்னொரு ஒரலோசுக்காரனுக்குத் தெரியும்" என்றார்.

மூடியை மூடினார். மஹத்தயாவிடம், "இதுக்கு ஒண்டும் பழுதில்ல. எண்ணெய் காஞ்சு போயிருக்கு. இத உருக்க வேணாம். தங்கத்தவிட உள்ளுக்குள்ள இருக்கிறதுதான் பெறுமதி. என்ட கையில இதுக்குத் தோதான எண்ணெயும் இல்ல, ஆயுதமும் இல்ல. கொழும்புக்குக் கொண்டுபோங்க" என்றார். அவர் வாப்பாவைச் சற்றுச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, மணிக்கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரை நாங்கள் காணவில்லை.

இரவு நான்தான் உம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "தங்க வெலைக்கு நாமளே வாங்கியிருக்கலாமே" என்றார் உம்மா. வாப்பா, ஆம்பிளைக்குத் தங்கம் ஆகாதே என்று ஏதோ முனகினார். "ஒங்களக் கட்டச் சொல்லல்லயே. வித்திருந்தா அவள்ட காரியம் முடிஞ்சிருக்கும்" என்று உம்மா தாத்தாவைக் காட்டினார். வாப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கலியாணம் கடன் வாங்கித்தான் நடந்தது. கடனை அடைக்க நாலு வருடம் சென்றது. அந்த நாலு வருடமும் நான் மனதுக்குள் உம்மாவின் கட்சியில்தான் இருந்தேன்.

ஆசிரியர் கலாசாலை முடித்துக் கிராமத்துப் பாடசாலையொன்றில் சேர்ந்து, கையில் இணையமும் வந்தபிறகு அந்த மணிக்கூட்டைத் தேடிப் படித்தேன். நாங்கள் கண்டது 1932இல் வெளிவந்த 96ஆம் இலக்க மாதிரி, அல்லது அதன் நெருங்கிய உறவு. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த வருடம் அது. பட்டெக் பிலிப் கம்பனியும் தள்ளாடியது. அதற்கு மணிக்கூட்டு முகங்கள் செய்துகொடுத்துவந்த ஸ்டேர்ன் குடும்பத்துச் சகோதரர்கள் அந்தக் கம்பனியை வாங்கினார்கள். அந்த வருடமே வெளிவந்தது இந்த மணிக்கூடு: 31 மில்லிமீற்றர் அகலம், அலங்காரம் என்று ஒன்றுமில்லை. நாற்பது வருடமளவில் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள்.

ஒன்றுமில்லாமல் செய்வது எத்தனை பாடு என்பது படித்தபோதுதான் விளங்கியது. அலங்காரம் நிறைந்த முகத்தில் ஒரு பிழை ஒளிந்துகொள்ளும். வெறும் முகத்தில் ஒரு கோடு தலைமயிரளவு சாய்ந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். அதன் முட்கள் நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் சரிவாகச் செய்யப்பட்டவை. ஒரு சரிவில் வெளிச்சம் விழும்போது மற்றது இருண்டிருக்கும். அதனால் மங்கல் ஒளியிலும் நேரம் தெரியும். பெயரை மையால் அச்சடிக்காமல் செதுக்கி, எனாமல் நிரப்பிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். எவ்வளவோ வருடங்களுக்குப் பிறகும் மாத்தளையில் அந்த எழுத்துக் கலங்காமல் இருந்தது அதனால்தான்.

இந்த வகைக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர் கலத்ராவா. 1887இல் அந்தக் கம்பனி தன் அடையாளமாகப் பதிந்துகொண்ட சிலுவையிலிருந்து வந்தது. ஸ்பெயினில் 1158இல் தோன்றிய ஒரு கிறிஸ்தவ வீரர் சபையின் சின்னம் அது. அந்தச் சபை காவல் காத்த கோட்டையின் பெயரோ அரபு: கல்அத் ரபாஹ், ரபாஹின் கோட்டை. 1147இல் கைமாறி, 1195இல் முவஹ்ஹிதுகளிடம் திரும்பி, 1212இல் மீண்டும் கைமாறிய கோட்டை. கோட்டை பாழடைந்தாலும் அதன் அரபுப் பெயர் யார் யாரோ கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பனியின் பெயரிலுள்ள பிலிப் என்பவர் அட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர். முன்பு மணிக்கூட்டைத் தனிச் சாவியால்தான் முறுக்குவார்கள். சாவி தேவையில்லாமல் பக்கத்துத் திருகாலேயே முறுக்கும் வழியைச் செய்து 1844இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தவர் அவர். அங்கேதான் போலந்துக்காரரான பட்டெக் அவரைக் கண்டுகொண்டார். சாவி தேவையில்லாத வழி வந்து நூற்று எண்பது வருடமாகிறது. தமிழில் நாம் இன்னும் மணிக்கூட்டுக்குச் 'சாவி கொடுத்து'க் கொண்டிருக்கிறோம்.

இன்று அந்தக் கம்பனியின் புதிய கலத்ராவா ஒன்றின் விலை இருபதாயிரம் டொலருக்கு மேல். என் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை. அதன் எளிமையைப் பார்த்து நான் மயங்கிவிடவும் இல்லை. தெரிந்தவனுக்கு மட்டும் தெரியட்டும் என்ற பெருமையும் பெருமைதான். சத்தம் போடாத பணமும் பணம்தான். ஆனால் மூடிக்குப் பின்னால் இருந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மூடி தங்கத் தகடு. கட்டியிருந்த புறக்டர் அதை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். ஜெனீவாவில் ஒரு தொழிலாளி மேசையில் குனிந்து அந்த விளிம்புகளைச் சீவியது, என்றோ ஒருநாள் அதைத் திறக்கப்போகும் இன்னொரு தொழிலாளிக்குத்தான். அந்த இன்னொருவர் என் வாப்பாவாக இருந்தார். அவர் கைக்கு வந்துசேர்ந்த கடிதம் அது. வாசித்துவிட்டு மூடி உரியவரிடமே கொடுத்துவிட்டார்.

வாப்பா 2014இல் மவுத்தானார். கடைசிக் காலத்தில் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்து, ஏன் வாங்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். "அது அந்தாள்ட வாப்பாட ஒரலோசுடா" என்றார். அவ்வளவுதான்.

அவர் கட்டியிருந்த சாதாரண உருக்கு மணிக்கூட்டைத்தான் நான் இப்போது கட்டுகிறேன். சுபஹுக்குப் பிறகு தினமும் சாவி கொடுக்கிறேன். சென்ற வருடம் அது பிந்தத் தொடங்கியது. கண்டியில் ஓர் இளம் திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்து உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பழுது பார்த்தவர்கள் அங்கே ஊசியால் தேதியைக் கீறிவைப்பது தொழில் வழக்கம். ஐந்து தேதிகள் இருந்தன. ஐந்தும் ஒரே கை. அரிசிமணியளவு எண்கள், கோடு போட்டு எழுதியதுபோல நேராக.

"சேர், இத முந்திப் பார்த்தது ஆரு? நல்ல சுத்தமான கை" என்றார் அந்தப் பொடியன்.

கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "என்ட வாப்பா. மாத்தளையில ஒரலோசு திருத்தினவர்."