பெயர் சொல்லக் கூடிய நோய்

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். நோயைப் பேசுகையில் நம் மக்கள் இம்மூன்றையும் ஒருசேரக் கையாள்வதை 2018-இல்தான் கண்டோம். அவ்வாண்டு எங்கள் வீட்டிற்குக் காசநோய் வந்தது.

நோய் கணவருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்படச் சாலை ஒன்றின் மேற்பார்வையாளர் அவர். ஆறு மாத மருந்தில் முற்றிலும் தேறினார். உறவினரோ அதனை 'நெஞ்சுச்சளி' என்றனர். இன்னும் சிலர் 'அந்த வியாதி' என்றனர். புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் மறைந்தார் என்று இலக்கிய வரலாற்றில் தயங்காது எழுதுகிறோம். அடுத்த வீட்டுக்காரருக்கு வந்தால் மட்டும் அப்பெயர் நாவில் எழுவதில்லை.

இத்தனைக்கும் இந்நோயின் வரலாற்றில் நம் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்குவோரைப் போலவே குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. பி.சி.ஜி. தடுப்பூசிக்கான பெருஞ்சோதனை 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில்தான் தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையையும் இவ்வூர்களே உலகுக்கு அளித்தன.

தேறிய பின் கணவர் ஒளிக்கவில்லை, முழங்கவும் இல்லை. தேநீர்க் கடையில் "ஏன் சார் சிகரெட்டை விட்டீங்க?" என்று கேட்டால், "டி.பி. வந்துச்சுப்பா, ஆறு மாசம் மாத்திரை, சரியாயிடுச்சு" என்பார். பல் பிடுங்கியதைச் சொல்வது போன்ற குரல். ஒருவர் தம் கண்ணாடிக் குவளையைச் சற்றே நகர்த்திக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தனியே வந்து நின்றார். எட்டுப் பேர் உறங்கும் அறை. ஒரு மாத இருமல். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். கணவரே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சளிப் பரிசோதனையில் நோய் உறுதியானது. மருந்து இலவசம், ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் அரசு உதவியும் கிடைத்தது. உடன் உறங்கிய எழுவரும் பரிசோதிக்கப்பட்டனர்.

சென்ற ஆண்டு மகளுக்கு வரன் பார்த்தோம். "வர்றவங்ககிட்ட அண்ணன் உடம்பு பத்தி வாயத் திறக்காதீங்க அண்ணி" என்றார் நாத்தனார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும், பேச்சு அப்பக்கம் திரும்பியபோது கணவர் வழக்கம்போலச் சொன்னார். அவ்விடத்திலிருந்து பிறகு பதில் வரவில்லை. காரணம் இதுதானா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. மகள் மட்டும் சொன்னாள்: "அந்த எட்டுப் பேர் ரூமுக்கு இது தெரிஞ்சது போதும்மா."

அடுத்த வரன் வரவிருக்கிறது. அவர்களிடமும் சொல்வோம்.