1936இல் கிடைத்த புதையல்



சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) திரைப்படத்தின் தொடக்கக் காட்சியைக் காட்டினேன். (முழுப் படமும் சிறுவர்க்கு ஏற்றதன்று.) 1936ஆம் ஆண்டு, பெரு நாட்டுக் காடு. நாயகன் மணல் பையை வைத்துவிட்டுப் பொற்சிலையை எடுக்கிறான். உடனே பெரும்பாறை உருண்டு வருகிறது. வகுப்பே ஆரவாரித்தது.

"நம் நாட்டில் இப்படி ஒன்றுமே இல்லையே, டீச்சர்" என்றான் ஒரு மாணவன். அச்சொல் என்னை உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை, பெற்றோர் சிலரின் துணையோடு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, தேசிய அரும்பொருளகத்திற்கு நடந்தோம். அங்கே வெண்கலத்தாலான அவலோகிதேசுவரர் சிலை. பல கரங்கள், அமைதியான முகம். பேராக் மாநிலத்தின் பீடோரில், ஈயச் சுரங்கம் ஒன்றில் கிடைத்தது. கிடைத்த ஆண்டும் அதே 1936! அம்மாணவன் விளக்கப் பலகையை இருமுறை படித்தான்.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றியும் சொன்னேன். சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பது அப்பகுதியைத்தான். அங்கிருந்த 11ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயிலின் எச்சம் 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டதையும் மறைக்கவில்லை.

"இடித்தபோது பாறை எதுவும் உருண்டு வரவில்லையா, டீச்சர்?"

"இல்லை" என்றேன்.

கிள்ளான் வரும்வரை அவன் சன்னலோரம் பேசாமலே அமர்ந்திருந்தான்.