அரசாங்க மேசையை விட்டு எழுந்தவர்

ஷா ஆலம் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருக்கும் தம்பிகளில் ஒன்றிரண்டு பேர், "அரசியலுக்குப் போகலாமா ஐயா?" என்று கேட்பதுண்டு. முதலில் ஜே.பி.ஜெயரத்தினத்தின் கதையைப் படித்துவிட்டு வா என்பேன்.

1926இல் யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்து ஜோகூரில் வளர்ந்தவர். லண்டனில் சட்டம் படித்து, 1952இல் சிங்கப்பூர் சட்டச் சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், அரசுத் தரப்பு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர். அந்தக் காலத்தில் எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் இதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார். 1963இல் எல்லாவற்றையும் விட்டார். 1971இல், பேருக்கு இருந்த பாட்டாளிக் கட்சியைக் கையில் எடுத்தார்.

அரசுத் தரப்பில் இருப்பவருக்குக் கோப்பு தானாக மேசைக்கு வரும். சாட்சியைப் போலீஸ் கூட்டி வரும். அரசியலில் நாம்தான் வீடு வீடாகப் போக வேண்டும். 1972 முதல் 1980 வரை, இடைத்தேர்தல்களையும் சேர்த்து, ஐந்து முறை நின்றார்; ஐந்திலும் தோற்றார். சம்பளம் நின்ற பிறகு எத்தனை தோல்விக்குத் தாக்குப்பிடிப்பாய் என்று தம்பிகளைக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

1981 அக்டோபர் 31, ஆன்சன் இடைத்தேர்தல். 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சுதந்திர சிங்கப்பூரில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் தேர்தலில் வென்றது அதுவே முதல்முறை. 1984இல் மறுபடியும் வென்றார். 1986இல் கட்சிக் கணக்கு வழக்கில் ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். தொகுதி போயிற்று, வழக்கறிஞர் தொழிலும் போயிற்று. 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகச் சொல்லித் தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. தொகுதி திரும்பவில்லை.

நம்மை உறுத்துவது இன்னொன்று. அவரைத் திவாலாக்கியது ஒரு தமிழ்க் கட்டுரை. தமிழ் மொழி வாரத்தைப் பற்றிக் கட்சிப் பத்திரிகை 'தி ஹேமர்' 1995இல் வெளியிட்டது, எழுதியவர் வேறொருவர். ஏற்பாட்டுக் குழுவினர் அவதூறு வழக்குப் போட்டார்கள். இழப்பீட்டுத் தவணை பிந்தியதால் 2001இல் திவால். அப்போது வகித்த தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவியும் பறிபோனது.

பிடிவாதக்காரர்தான். ஆனால் வாக்குமூலத்தில் ஒரு சொல் பிசகினால் என்னவாகும் என்று அரசாங்கப் பக்கம் நின்று பார்த்தவருக்கு, மேடையில் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் பேசினார்.

எழுபது வயதுக்கு மேல், அந்த அடர்ந்த கிருதாவோடு தெருவோரம் நின்று, தன் புத்தகங்களைத் தானே விற்றார். ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றப் பதிவாளர்! 2007இல் கடனைத் தீர்த்தார். 2008இல், 82 வயதில், சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி காலமானார்.