மலைநாட்டிலே தண்டியார்

சென்ற கோடை விடுமுறையில், பஞ்சாபில் நிகழ்ந்த மாணவர் முகாமொன்று முடிந்தபின், திபெத்தியர் வாழும் தருமசாலையைக் காணும் விருப்பினராய் யாம் இருவரும் பதான்கோட்டிற் பஸ் ஏறினோம். கைப்பொருள் சுருங்கியிருந்தமையால் வாடகை மோட்டாரை நினைத்தற்கும் இடமில்லை. இமாசலப் பிரதேச அரசாங்கத்தாரின் சாதாரண பஸ் வண்டியே எமக்கு வாய்த்தது. தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். ஆயினும் நூர்ப்பூர், சாப்பூர் முதலிய ஊர்தோறும் பாற்குடங்களும் பள்ளிப் பிள்ளைகளும், ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டியும், ஏறி இறங்கியவண்ணமிருந்தமையால் நான்கு மணி நேரம் கழிந்தது. தவளதார் மலைத்தொடர் வெண்பனியோடு சாளரத்திற் றோன்றியபோது எம்முள் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் இன்னாரென்பதை இங்கே சொல்லோம்.

தருமசாலை நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,800 அடி உயரத்தில் உள்ளது. திபெத்தியர் மிகுதியாய் வாழும் மக்லியோட் கஞ்ச் அதற்கும் 2,000 அடி மேலே. அங்குச் செல்லும் சிறு பஸ்ஸில் நெருக்குண்டு நின்று, இடமில்லாமையைப் பற்றித் தமிழில் முறையிட்டுக்கொண்டிருந்தோம். "தம்பி, பையை இங்கிட்டு வைங்க" என்றொரு குரல் கேட்டுத் திடுக்கிட்டோம். பல்வண்ணக் கோடிட்ட முன்துணி அணிந்த திபெத்திய மூதாட்டியார் ஒருவர், எழுபது வயது கடந்தவர், எம்மை நோக்கிச் சிரித்தார்.

முப்பது குளிர்காலம் மதுரையிலே கம்பளிச் சட்டை விற்றவராம். இப்பொழுது அவர்தம் மகன் சென்று வருகின்றார். 1959-ஆம் ஆண்டில் தலாய் லாமா இந்தியாவினுட் புகுந்தபின், அவரைப் பின்பற்றி மலை கடந்த பல்லாயிரவருள் இவர் பெற்றோரும் இருந்தனர். இவர்க்கு அப்பொழுது வயது ஏழு. அந்நாளில் அவர்கட்குக் கிடைத்தது மலைச்சாலை போடும் கூலி வேலை. கல்லுடைக்கும் தாயின் அருகே வளர்ந்தமையால் இவர் எப்பள்ளியிலும் பயின்றிலர்.

அருகே செவ்வாடைத் துறவியார் ஒருவர் அமர்ந்திருந்தார். அம்மையாரின் தமக்கை மகன். அவர் தம் மொழியில் ஏதோ வினவ, "நீங்க என்ன படிக்கிறீங்கன்னு கேக்குறான்" என்றார் அம்மையார். இக்கேள்விக்கு அஞ்சுதல் எமது வழக்கம். தமிழ் ஆனர்ஸ் என்றவுடன் உறவினர் முகத்திற் பரவும் இரக்கத்தை இச்சஞ்சிகை படிப்போருட் பலர் அறிவர். எம்முள் ஒருவருடைய மாமா, "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று ரயிலடி வரையில் வந்து கேட்டே வழியனுப்பினார். ஆகவே தாழ்ந்த குரலில், "எங்கள் மொழியின் இலக்கணமும் செய்யுளும்" என்றோம்.

துறவியார் முகம் மலர்ந்தது. தாமும் செய்யுளிலக்கணமே பயின்றவரென்றும், அதற்குரிய நூலொன்றை மனப்பாடம் செய்தவரென்றும் கூறினார். நூலின் பெயர் யாது என்றோம். அம்மையார் சற்றே திணறி, "கவிதைக் கண்ணாடி" என்றார். செய்தவர் யார்? "கம்பு வச்சிருக்கிறவரு. உங்க தேசத்து ஆளுதானாம்."

யாம் விழித்தோம். கம்பரோ என்று எம்முள் ஒருவர் ஐயுற்றார். பஸ் ஒரு கொண்டையூசி வளைவைச் சுற்றித் திரும்பிற்று. கம்பு, கோல், தண்டு. தண்டை உடையவர் தண்டி! ஆதர்சம் என்பது கண்ணாடி; காவியாதர்சம்!

பல்லவர் காலத்திற் காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் இயற்றிய அந்நூல், 13-ஆம் நூற்றாண்டிலே திபெத்திய மொழியிற் பெயர்க்கப்பட்டு, அன்னார்க்குச் செய்யுட்கலையின் தலையாய நூலாயிற்று. அதனையே முதனூலாகக் கொண்டெழுந்தது யாம் தேர்வுக்குக் கற்ற தண்டியலங்காரம். ஆசிரியர் பெயரையும் அவர்கள் மொழிபெயர்த்தே வழங்குவதால் எமக்கு எளிதிற் புலப்படவில்லை.

உடனே அணிகளின் வரிசையை விரல் மடக்கிச் சொல்லலானோம். தன்மை என்றோம், துறவியாரும் ஒரு விரல் மடக்கினார். "உள்ளதை உள்ளபடியே சொல்றது" என்றார் அம்மையார். உவமை: "இது மாதிரி அது." உருவகம்: "இதுதான் அது." நான்காவது தீவகம். அவர் தமக்கை மகனிடம் இருமுறை கேட்டுத் தெளிந்து, "வெளிச்சம் காட்டுறது" என்றார். தீவகம் என்பது விளக்கன்றோ! எம் ஆசிரியர் அதனைக் கற்பித்த நாளில் யாம் இத்துணை விழிப்போடு இருந்ததாக நினைவில்லை. 1852-இற் கட்டப்பெற்று 1905-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மணிக்கூண்டை இழந்த புனித யோவான் ஆலயம் அச்சாலையோரத்திலேயே உள்ளது. காண வேண்டுமென்று குறித்து வைத்திருந்தும் காணாது கடந்தோம். அப்பொழுது யாம் உருவகத்தில் இருந்தோம்.

"அம்மா, அந்த நூலை நீங்கள் படித்ததுண்டா?" என்றோம்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. கணக்குத் தெரியும்."

மதுரையில் ஒரு மார்கழி மாலை, இத்தகைய கடையொன்றில் அரைமணி நேரம் பேரம் பேசி, ஒன்றும் வாங்காது நகைத்துக்கொண்டே போந்தது எமக்கு நினைவு வந்தது. கடையிலிருந்தவர் எந்நாட்டவர், ஏன் இத்துணைத் தொலைவு வந்தார் என்று அன்று யாம் கேட்டிலோம். இதனை அம்மையாரிடம் சொல்லவும் துணிந்திலோம்.

பஸ் நின்ற இடத்திற்கு அருகே அவர் மருமகளின் கடை இருந்தது. குளிரில் நடுங்கிய எம்மைக் கண்டு, கம்பளிக் குல்லாய் இரண்டை எடுத்துத் தந்தார். விலை ஒன்று இருநூறு ரூபாய். யாம் ஒரு சொல்லும் பேசாது நானூறு ரூபாயை நீட்டினோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"மதுரைக்காரங்க பேரம் பேசாம வாங்குவாங்களா?" என்று சொல்லி, நூறு ரூபாயைத் திருப்பி எம் கையில் வைத்தார்.