எரியாத விளக்கு

1996ஆம் ஆண்டில் ஜூரோங் வட்டாரப் பள்ளியொன்றில் நான் இளம் தமிழாசிரியன். என்னிடம் எட்டாண்டுப் பழமையான ஜப்பானியக் கார் ஒன்று இருந்தது. வாகன உரிமைச் சான்றிதழின் விலையை எண்ணிப் பார்ப்பவன் பழைய காரைப் பேணிக் காப்பதன்றி வேறு என் செய்வான்? அந்தக் கார்தான் என்னை ஒரு நல்ல மனிதர் முன் தலைகுனிய வைத்தது.

காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகி அடங்கிவிடும். பட்டறைக்காரர் முதிய சீனர். பேட்டரி நலமாகவே இருக்கிறது என்று சோதித்தறிந்து, ஆல்டர்னேட்டரைப் பிரித்து உள்ளிருந்த ரெகுலேட்டரை மாற்றினார். ஆல்டர்னேட்டர் ஆக்கும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற அளவில் நிறுத்துவது அதன் பணி. அளவு குறைந்தால் பேட்டரி பட்டினி கிடக்கும். மிகுந்தால் அதன் நீர் கொதித்து வற்றும். வேலை முடிந்ததும் எஞ்சினை உரக்க முடுக்கி மீட்டரைக் காட்டினார். 14 வோல்ட். மனநிறைவோடு பணம் கொடுத்தேன்.

ஒரு வாரம் சென்றது. மீண்டும் அதே முனகல். பள்ளிக்குப் பிந்திய சினத்தோடு பட்டறைக்குச் சென்று, பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டதாகப் பிறர் கேட்கப் பேசிவிட்டேன். ஆசிரியனின் குரல் வகுப்பறைக்கு வெளியேயும் சற்று ஓங்கியே ஒலிக்கும். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

என் தந்தையார் கப்பல் தளத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மாலை, அடுக்குமாடி வீட்டின் கீழே காரருகே வந்து நின்றார்.

“தம்பி, எந்தெந்த நாளில் சண்டித்தனம் செய்கிறது?”

எண்ணிப் பார்த்தேன். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நகருக்குச் சென்று வந்த மறுநாள்களில் ஒழுங்காகக் கிளம்பியிருந்தது. வீட்டுக்கும் பள்ளிக்குமாக மெல்ல ஊர்ந்த நாள்களை அடுத்தே படுத்துவிட்டது.

“சாவியைத் திருப்பு, எஞ்சினைக் கிளப்பாதே. பேட்டரி விளக்கு எரிகிறதா?”

எரியவில்லை. பழுதிருந்தால்தானே அந்தச் சிவப்பு விளக்கு எரியும், எரியாதது நல்லதுதானே என்றேன். அப்பா சிரித்தார்.

ஆல்டர்னேட்டர் தானாகத் தொடங்குவதில்லை. அதன் சுழலிக்குக் காந்தமூட்டச் சிறிதளவு மின்சாரம் முதலில் வேண்டும். எங்கள் காரில் அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகவே சென்றது. ஆல்டர்னேட்டர் மின்னாக்கத் தொடங்கியதும் விளக்கின் இருபுறமும் மின்னழுத்தம் ஏறக்குறையச் சமமாகிவிடும், விளக்கு அணையும். ஆகவே எஞ்சின் கிளம்புமுன் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். குமிழின் இழை அறுந்துவிட்டால் வழியே அடைபட்டுவிடும். சுழலியில் எஞ்சியிருக்கும் சிறிது காந்தம் வேகமாகச் சுழலும்போது மட்டும் எப்படியோ வேலையைத் தொடங்கிவைக்கும். பட்டறையில் முடுக்கியபோது 14 வோல்ட் தோன்றியதும், விரைவுச்சாலை ஓட்டம் காரைப் பிழைக்க வைத்ததும் இதனால்தான். அன்று மெதுவோட்டத்தில் அப்பா அளந்தபோது 12 வோல்ட்டுக்கு மேல் முள் நகரவில்லை.

எனக்கு அப்போது காரின் நினைவு போய், கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவனின் நினைவு வந்தது. அவன் ஒருநாளும் கை உயர்த்தியதில்லை, ஐயம் கேட்டதில்லை. புரிந்துகொண்டான் என்றே நடத்திக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் அவன் விடைத்தாள் ஏறக்குறைய வெறுமையாக வந்தது. பாடம் தொடங்குமுன் மாணவனின் முன்னறிவைச் சோதிக்க வேண்டும் என்று, அந்நாளில் புக்கித் தீமாவில் இருந்த தேசியக் கல்விக் கழகத்தில் படித்துத் தேறியவன்தான் நானும்.

மறுநாள் பட்டறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “தா அப்பா, சிக்கு” என்றார் முதியவர். பரவாயில்லை, ஆசிரியரே என்பது அந்த மலாய்ச் சொற்களின் பொருள். சிக்கு என்று தமிழில் விளித்திருந்தாலும் அன்று எனக்குப் பொருந்தியிருக்கும்! தாமும் விளக்கைப் பார்க்கத் தவறியதாகச் சொல்லி, தகரப் பெட்டியிலிருந்து விரல்நுனி அளவிலான குமிழ் ஒன்றை எடுத்துப் பொருத்தினார். சாவியைத் திருப்பச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. இம்முறை அவர் முடுக்கவில்லை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு மீட்டரை என் கையில் கொடுத்தார். குமிழுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.