சிறுசேரிக்கு ஒரு பயணம்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள மீனவர் குப்பம் ஒன்றில் விடியற்காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு சிறுசேரிக்குப் புறப்பட்டோம். நம் வாசகக் குடும்பங்களுள் சிறுசேரியை அறியாதவை இன்று குறைவாகவே இருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூருக்கும் படூருக்கும் இடையே, ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர் அது. சிப்காட் நிறுவனம் அங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அமைத்த பின் நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, ஊரில் தனித்திருக்க இயலாத வயதான பெற்றோரும் சென்று, வானளாவிய குடியிருப்புகளில் ஒடுங்கி வாழ்கின்றனர்.

அப்படி வாழ்ந்த முதியவர் ஒருவரே நம்மை அழைத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு உள்நாட்டுப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது, புதுக் கோவில் கட்டும் குழுவுக்கு அவர் பொருளாளர். ஒருநாள் நம்மீது குற்றம் சாட்டி ஆயருக்குக் கடிதம் எழுதிவிட்டார். கோவில் பணத்தை நாம் மனம்போனபடி செலவழிக்கிறோம் என்பது புகார். விசாரணை நடந்தது. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் கோவில் கூரை ஏறுமுன்பே நமக்கு மாற்றல் வந்தது. நாம் கட்டத் தொடங்கிய கோவிலை வேறொருவர் கட்டி முடித்து, அர்ச்சிப்பு விழாவும் நடந்தேறியது. அழைப்பிதழ் நமக்கும் வந்தது; நாம் செல்லவில்லை.

‘அவரை மன்னித்துவிட்டோம்’ என்று பலரிடம் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் கதையையும் சேர்த்தே சொல்வது வழக்கம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறோம்.

இந்த நிலையில்தான் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டுவிட்டது, படுக்கையில் இருக்கிறார், ஒருமுறை உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். எதற்காக என்று நாம் கேட்கவில்லை. சாகும் தறுவாயில் ஒரு மனிதன் தன் பழைய பங்குக் குருவை வேறெதற்கு அழைப்பான்?

பேருந்துக்கு நேரமிருந்ததால் மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் சிறிது நேரம் நின்றோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்குவித்தது. அர்ச்சுனன் தவம் என்பர் சிலர். கங்கையை மண்ணுக்குக் கொணரப் பகீரதன் செய்த தவம் என்பர் வேறு சிலர். எலும்பும் நரம்பும் தெரிய, ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கிறார் தவசி. அவரைப் போலவே கீழே ஒரு பூனையும் கைகளை உயர்த்தி நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி உலவுகின்றன. பல்லவச் சிற்பியின் நகைச்சுவை அது. கடைசிக் காலத்தில் மனம் திரும்பும் நம் பொருளாளரை நினைத்துக்கொண்டு நாமும் புன்னகைத்தோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து வடக்கு நோக்கி விரைந்தது. சன்னலோரத்தில் அமர்ந்து, அவரிடம் சொல்லவேண்டிய சொற்களை மனத்துள் ஒழுங்குபடுத்தினோம். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன இரக்கமற்ற பணியாளன் உவமையை எடுத்துச் சொல்லலாம் என்று தோன்றியது. அவன் அரசனுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஆக, அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி! அதை முழுவதும் தள்ளுபடி செய்கிறான் அரசன். வெளியே வந்த அவனோ, 100 தெனாரியம் கடன்பட்ட உடன் பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். நூறு நாள் கூலி அற்பமான தொகையன்று என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது மூன்று மாத உணவு. நமக்குப் பிறர் செய்த தீங்கு ஒன்றுமேயில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. தீங்கு தீங்குதான், ஆறு கோடியின் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார். குருமடத்தில் படித்த நாள் முதல் இந்தக் கணக்கு நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் காலையில் அந்த உவமைக்குள் நம்மை நாமே எங்கே அமர்த்திக்கொண்டோம் தெரியுமா? தள்ளுபடி செய்யும் அரசனின் அரியணையில்.

அருளாளர் ராணி மரியாவின் வரலாற்றையும் சொல்ல எண்ணினோம். கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் பிறந்த அந்தக் கன்னியர், மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர்ப் பகுதியின் ஏழை உழவர்கள் வட்டிக்காரர் பிடியிலிருந்து மீள உழைத்தார். 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பேருந்தில் பயணிகள் கண்முன்னே, சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். உடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். அப்போது அவருக்கு வயது 41. 2002இல் ரக்ஷா பந்தன் நாளில், அவருடைய தங்கையும் அதே சபைக் கன்னியருமான செல்மி பால் சிறைக்குச் சென்று, கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அவனைச் சகோதரனாக ஏற்றார். அடுத்த ஆண்டு அவர்களின் தாய் எலீசுவாவும் சென்றார். தம் மகளின் இரத்தம் படிந்த கைகள் என்று சொல்லி அவனுடைய கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரே பரிந்து பேசி, 2006இல் அவன் விடுதலை பெற்றான். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். இந்த வரலாற்றை நாம் எத்தனையோ முறை மறையுரையில் கூறியிருக்கிறோம். கேட்கும் பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

கோவளத்தில் இறங்கினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டை ஒன்று அங்கே இருந்தது. 1752இல் இராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தபின் அது தகர்க்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் உல்லாச விடுதி. கார்மேல் அன்னை ஆலயத்தில் ஒரு நிமிடம் முழந்தாளிட்டுவிட்டு, கேளம்பாக்கம் செல்லும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம்.

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உப்பளங்கள். பாத்திகளில் தேங்கிய நீர் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. வரப்புகளில் வெண்குவியல்கள். வாரி இழுப்பவர்களின் கால்களைப் பார்த்தோம். உப்பில் வெடித்த கால்கள். மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரக் கடைசியில் உப்பையும் ஒருவரோடொருவர் சமாதானமாயிருப்பதையும் ஆண்டவர் ஒரே மூச்சில் இணைத்துப் பேசுகிறார். விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கம் தருவர். உப்புப் பட்ட காயம் எரியும் என்பதை மட்டும் அவர்களுள் யாரும் சொல்லி நாம் படித்ததில்லை.

கேளம்பாக்கத்தில் வண்டி மாறிப் படூர் வழியே சிறுசேரியை அடைந்தபோது மணி பதினொன்று. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை திட்டமிடப்பட்ட மெட்ரோ இரயில் பாதைக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கண்ணாடி மாளிகைகள், அவற்றின் நிழலில் இட்லிக் கடைகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, செவியில் கருவி பொருத்தி நடக்கும் நம் பிள்ளைகள். குடியிருப்பின் வாயிலில் காவலர் ஒரு குறிப்பேட்டை நீட்டினார். பெயர், வீட்டு எண், வந்த நேரம், வந்த காரணம். காரணத்தின் கட்டத்தில் ‘நோயாளியைப் பார்க்க’ என்று எழுதினோம்.

பதினோராம் மாடி. பெரியவர் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். நமக்கு நினைவிருந்த வாட்டசாட்டமான உருவத்தில் பாதிகூட இல்லை. “தோத்திரம் சாமி” என்று கைகூப்பினார். மருமகள் காப்பி கொண்டு வந்தாள். அவருக்குத் தண்ணீரே அளந்துதான்; ஆகவே நாம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கதவைச் சாத்தச் சொன்னார். நாம் ஸ்டோலாவை எடுக்கப் பையில் கைவிட்டோம். “அது அப்புறம் சாமி. முதல்ல ஒரு சேதி சொல்லணும்” என்றார்.

இனி எழுதுவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது அன்று. அதற்கு முன் காப்பி குடிக்கையில் கேட்டது. பெரியவர் உயிர்ப்பு விழா கழிந்த மூன்றாம் வாரம் இறைவனடி சேர்ந்தார். அவர் மகனின் இசைவோடே எழுதுகிறோம்.

“சாமி, நான் அந்தக் கடுதாசி எழுதுறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பூசையில நீங்க என்ன பிரசங்கம் வெச்சீங்க, ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றோம். உண்மையிலேயே இல்லை.

“பணப்பையை வெச்சிருந்தவன் யூதாஸ்னு சொன்னீங்க. இந்தக் கோவில்லயும் பணப்பை வெச்சிருக்கிறவங்க தங்களைச் சோதிச்சுப் பார்க்கணும்னு சொன்னீங்க. சொல்லும்போது என்னைப் பார்த்தீங்க. கோவிலே திரும்பி என்னைப் பார்த்துச்சு. எம் பொஞ்சாதி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தா.”

சிமெண்டு வாங்கிய இரசீது ஒன்று அந்த வாரம் காணாமற்போனது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. பின்னர் அது நம் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. அதைப்பற்றி யாரிடமும் நாம் வாய் திறக்கவில்லை.

“அந்தக் கோபத்துலதான் ஆயருக்கு எழுதினேன். அது தப்பு, அதை நான் எப்பவோ பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஆனா அவ, அன்னையிலேருந்து கோவிலுக்கு வர்றதை நிறுத்திட்டா. யூதாஸ் பொஞ்சாதின்னு தெருவுல ஒரு பையன் கத்தினானாம். இரண்டு வருசம் கழிச்சுப் போய்ச் சேர்ந்துட்டா. சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. சாமியை எப்பவாவது பார்த்தா, நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்கன்னு. எனக்குச் சொல்ல மனசு வரலை சாமி. பதினாறு வருசம் அவ சொன்னதை நான் சொல்லாமலே வெச்சிருந்தேன். அதுக்குத்தான் வரச் சொன்னேன். அவளும் மன்னிச்சிட்டா. நானும் மன்னிச்சிட்டேன்.”

அந்த நொடியில் நம் உள்ளத்தில் எழுந்தது நன்றியன்று; சினம். நாம் பெயர் சொல்லவில்லையே! பொதுவாகத்தானே சொன்னோம்! இவர் யார் நம்மை மன்னிக்க? இந்த மூன்று வாக்கியங்களும் நாவின் நுனிவரை வந்தன. அவர் கண்களை மூடிக்கொண்டு, ஒரு பெருஞ்சுமையை இறக்கியவரைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் பேசாதிருந்தோம். காலையில் பார்த்த பூனை நினைவுக்கு வந்தது. இம்முறை சிரிப்பு வரவில்லை.

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நாட்டினர். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பவதிகளின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறுவான். மன்னிப்பதற்கு நம் மொழியில் பொறுத்தல் என்றும் ஒரு சொல் உண்டு. சுமப்பதற்கும் அதே சொல்தான். கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் நாள்தோறும் வேண்டுவதும் இந்தப் பொறுத்தலையே. அந்த அம்மையார் நம்மைச் சுமந்திருக்கிறார். அவர் கணவரும் சுமந்திருக்கிறார். நாமோ, நாம்தான் அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தோம் என்று ஊரெங்கும் சொல்லித் திரிந்தோம்.

மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்ன ஒரு கட்டளையை நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்! பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. நமக்கோ அது நினைவுக்கே வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள், நாளுக்கு ஒரு திருப்பலி என்று வைத்தாலும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

கட்டிலருகே முழந்தாளிட்டோம். குரு என்ற முறையில் அன்று. “தப்பு செய்துவிட்டேன் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்பது தெரியவில்லை. வாய் உலர்ந்துவிட்டது. இரசீது நம் இழுப்பறையில் கிடைத்ததையும் சொன்னோம். அதைக் கேட்டு அவர் சிரித்தார். “அது எனக்கு அப்பவே தெரியும் சாமி” என்றார்.

பின்னர் ஸ்டோலாவை அணிந்து, அவருடைய ஒப்புரவைக் கேட்டு, நோயில் பூசுதலும் நற்கருணையும் வழங்கினோம்.

மன்னிப்பு என்றால் நீதியைக் கைவிடுவது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அடிக்கும் கணவனிடம் ‘மன்னித்து வாழம்மா’ என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. இளங்குருவாயிருந்தபோது நாமும் அப்படிச் சொன்னதுண்டு. அது தவறு. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்டவனைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று கண்டார். ஆனாலும் அவன் இத்தாலியச் சிறையில் இருந்தது 2000ஆம் ஆண்டு வரை. சமுந்தர் சிங்கும் பதினோர் ஆண்டு சிறையில் இருந்தான். மன்னித்தவர்கள் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. தேதி, பிரசங்கம், எந்த வரிசை, எல்லாவற்றையும் சொன்னார்.

திரும்பும்போது உப்பளங்களின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சமுந்தர் சிங்கைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தோம். அந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நாம் செல்மி பாலின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறோம். ராக்கி கட்டக் கை நீட்டியவனின் பக்கத்தில் ஒருமுறையும் நின்றதில்லை. அந்தக் கையை நீட்டுவதற்கு அவன் என்ன பாடு பட்டிருப்பான்! விடுதலை பெற்றபின், 2007இல், அவன் புல்லுவழிக்குச் சென்று அந்தத் தாய் தந்தையர் வீட்டு வாசலில் நின்றானாம். சிறைக் கதவைத் தாண்டியதைவிட அந்த வாசற்படியைத் தாண்டியது அவனுக்கு எளிதாக இருந்திருக்காது.

கோவளத்தில் மாலைத் திருப்பலிக்கு மணி அடிக்கவில்லை. தவக்காலச் சனிக்கிழமையாதலால் ஒப்புரவுக்கு ஆட்கள் வரிசையாக நின்றிருந்தனர், பெரும்பாலும் மீனவப் பெண்கள். கடைசியில் போய் நின்றோம். முன்னால் நின்ற மூதாட்டி நம் அங்கியைப் பார்த்துவிட்டு, “சாமி, நீங்க முன்னாடி போங்க” என்று ஒதுங்கினார். வேண்டாம் என்று தலையசைத்தோம். நமக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தனர்.