பக்கத்து வீட்டுக்கு ஒரு முடுக்கு

நாகர்கோவில் வடசேரியில் என் தங்கை மகன் ஒரு கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறான். கடைதான் நாஞ்சில் நாட்டில். கணக்கெல்லாம் இருப்பது மும்பையிலும் ஹைதராபாத்திலும், வாடகைக்கு எடுத்த இரண்டு க்ளவுட் சர்வர்களில். இரண்டும் பேசிக்கொள்வதற்காகப் பயல் டேட்டாபேஸை இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்துவைத்துவிட்டான். ஒருநாள் காலையில் மொத்தமும் காலி. பணம் கேட்டு ஒரு சீட்டு மட்டும் கிடந்தது.

2017 ஜனவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களுக்கு இதே கதிதான். யாரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டே இல்லை!

"பேக்கப் இருந்ததுனால பிழைச்சேன் மாமா. பதினோரு நாள் கணக்கு மட்டும் போச்சு. கடைக்காரரு பில் புக்கை வச்சு ராத்திரி பூரா உக்காந்து எழுதினாரு பாத்துக்கிடுங்க" என்றான்.

இதற்கு வழி 2009-லேயே வந்துவிட்டது. அந்த வருஷம் அமேசான் 'வி.பி.சி.' என்ற தனி நெட்வொர்க்கைக் கொண்டுவந்தது. பொது ஐ.பி. முகவரி என்பது தெருவாசல். 10, 192.168 என்று தொடங்குபவை உள் அறை எண்கள். உங்கள் வீட்டு வைஃபையிலும் 192.168 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். தெருவுக்கு அது தெரியாது. இரண்டு தனி நெட்வொர்க்குகளை இணைக்க 'பியரிங்' என்று ஒன்று உண்டு. நம்மூர் பாஷையில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு. தெருவில் இறங்காமலே போய்வரலாம். வழி எது என்று இரண்டு பக்கமும் ரூட் டேபிளில் எழுதவேண்டும், ஃபயர்வாலும் விடவேண்டும்.

பயல் முடுக்கு வெட்டப் போனான். வெட்ட முடியவில்லை. இரண்டு நெட்வொர்க்குக்கும் ஒரே 10.0.0.0/16 கொடுத்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? ஒன்றைக் கலைத்து, வேறு எண் கொடுத்து மறுபடி கட்டினான்.

இன்னொரு விஷயம். இந்த முடுக்கில் மச்சானுக்கு மச்சான் உறவெல்லாம் செல்லாது. 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இணைப்பு, 'ஆ'வுக்கும் 'இ'க்கும் இணைப்பு என்றால், 'அ' நேராக 'இ' வீட்டுக்குப் போய்விட முடியாது. தனியே இணைக்கவேண்டும். வீடுகள் பெருகினால் நடுவில் 'ட்ரான்ஸிட் கேட்வே' என்ற சந்திப்பு வைப்பார்கள்.

"இப்ப தெருவாசலை அடைச்சாச்சு. நிம்மதியாட்டு தூங்குதேன்" என்றான் மருமகன்.

உங்கள் ஆபீஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நம்ம டேட்டாபேஸ் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" பதில் சொல்ல யோசித்தார் என்றால், உடனே பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள்.